கீழ்ப் பல்செட்டுக்கு இரண்டு இம்ப்ளாண்ட்

கீழ்ப் பல்செட்டை டப்பாவில் போட்டு வைத்திருக்கும் பெரியவர்கள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள் என்று கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். மேல்செட் வாயில் இருக்கும். கீழ்செட் பாத்ரூம் ஷெல்ஃபில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், தண்ணீருக்குள் கிடக்கும். கல்யாணம், காதுகுத்து, போட்டோ என்றால் மட்டும் வெளியே வரும். பந்தியில் உட்கார்ந்ததும் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுருட்டி மடியில் வைத்துக்கொள்வார்கள். சாப்பிடுவதற்கென்று செய்த பல்லைச் சாப்பிடும் நேரத்தில் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. "வயசாயிட்டா அப்படித்தான்" என்று நாமும் அதைக் கடந்து போய்விடுகிறோம்.

எனக்கு இதில் பெரிய ஆற்றாமை உண்டு. எல்லாப் பல்லும் போன ஒருவருக்குக் கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டே இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து, பல்செட்டை அதில் மாட்டிவிட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் நம் குடும்பங்களுக்குத் தெரியவருவது பெரும்பாலும் இரண்டு வழிகள்தான். ஒன்று, சில ஆயிரங்களில் முடியும் சாதாரண செட். இன்னொன்று, லட்சங்களில் போகும் ஃபிக்ஸட் பல். நடுவில் இருக்கும் வழியைப் பற்றி நாம் கேட்பதும் இல்லை, கேட்காதவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதும் குறைவு. பெரியம்மாவுக்காகக் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கியபோது தெரிந்துகொண்டதையும், அப்புறம் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், மேல்செட் நிற்கிறது, கீழ்செட் மட்டும் ஏன் ஆடுகிறது?

மேல்செட் அண்ணம் முழுவதையும் மூடிக்கொள்ளும் அகலமான தகடு. தகட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவில் மெல்லிய எச்சில் படலம் இருக்கும். ஓரங்களில் காற்று புகாமல் அடைபட்டுவிட்டால் நன்றாகக் கவ்விக்கொள்ளும். கீழே அப்படி மூடிக்கொள்ள இடமே இல்லை, நடுவில் நாக்கு இருக்கிறது. கீழ்செட் உட்காருவது வளைந்த, குறுகலான ஒரு பட்டையின் மேல்தான். அதன் பரப்பு மேலே கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. பேசும்போது நாக்கு தள்ளும், சிரிக்கும்போது கன்னம் இழுக்கும், தண்ணீர் குடித்தால் கீழுதடு தூக்கிவிடும். இதில் வாய் உலர்ந்துபோனால் இன்னும் மோசம். வயதானவர்கள் சாப்பிடும் மாத்திரைகள் பலவும் எச்சிலைக் குறைப்பவை.

அதைவிடப் பெரிய காரணம் எலும்பு. பல்லைத் தாங்கும் எலும்பு மேடு பல் இருக்கும்வரைதான் உறுதியாக இருக்கும். பல் போனதும் கரையத் தொடங்கிவிடும். முதல் வருடத்தில் வேகம் அதிகம், பிறகு குறையும், ஆனால் நிற்பதே இல்லை. டால்கிரென் என்ற ஆய்வாளர் பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 1972இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். மேல்தாடையில் கரைந்ததைப்போல சுமார் நான்கு மடங்கு எலும்பு கீழ்த்தாடையில் கரைந்திருந்தது என்பது அவர் கண்டது. நாலு வருடம் முன்னால் கச்சிதமாக இருந்த செட் இன்று லூசாகிவிட்டது என்றால் செட் அப்படியேதான் இருக்கிறது, உள்ளே தாடை குறைந்திருக்கிறது. புதுசெட் செய்தால் கொஞ்ச நாள் பிடிக்கும். அதற்குள் எலும்பு இன்னும் இறங்கும். பவுடர் தூவி ஒட்டிக்கொண்டு காலம் தள்ளுபவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

பெரியம்மா திண்டுக்கல் பக்கம். எழுபது தாண்டியவர், சர்க்கரையும் உண்டு. கீழ்செட் குத்திக் குத்தி ஈறெல்லாம் புண்ணாகி, கடைசியில் அதைப் போடுவதையே விட்டுவிட்டார். "சோத்தப் பெசஞ்சு முழுங்குறதுக்குப் பல்லு எதுக்குத்தா?" என்பார். மேலோட்டமாகக் கேட்டால் விட்டேற்றியாகச் சொல்வதுபோல இருக்கும். ஆனால் அவர் விசேஷங்களுக்குப் போனால் பந்திக்குப் போகாமல் "வீட்ல போயி சாப்ட்டுக்கிறேன்" என்று எழுந்துவிடுவதை நான் கவனித்திருக்கிறேன். பேசும்போது கை தானாக வாய்க்குப் போகும். கொத்தவரங்காய்ப் பொரியலும் வேர்க்கடலையும் உயிராகச் சாப்பிட்டவர் ரசம்சாதம், இட்லி, ரவைக்கஞ்சி என்று சுருங்கிவிட்டார். சர்க்கரை உள்ளவருக்கு இந்த மாற்றம் எவ்வளவு கெடுதல் என்று அப்போது எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. மெல்லாமல் விழுங்க முடிகிற சாப்பாடெல்லாம் பெரும்பாலும் குழைந்த மாவுச்சத்துதான்.

இம்ப்ளாண்ட் என்ற உலோகத் திருகை எலும்புக்குள் பதித்தால் உடம்பு எப்படி ஏற்றுக்கொள்ளும் என்று பெரியம்மா கேட்டார். இதற்கான விடை ஒரு முயலின் கால் எலும்பிலிருந்து கிடைத்தது. ஸ்வீடனில் லுண்ட் நகரில் 1952இல் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர் எலும்பு மஜ்ஜைக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக, டைட்டானியத்தால் செய்த சிறிய கருவி ஒன்றை முயலின் கால் எலும்பில் பொருத்தினார். வேலை முடிந்து எடுக்கப் போனால் அது வரவில்லை. எலும்பு அதன் மேல் ஒட்டி வளர்ந்திருந்தது. டைட்டானியத்தின் மேல்புறத்தில் தானாக உண்டாகும் ஆக்ஸைடு படலத்தை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்து விரட்டுவதில்லை, எலும்புச் செல்கள் நேரடியாக அதை ஒட்டியே வளர்கின்றன. பல் மருத்துவராக இல்லாத அவர்தான் இதைப் பல்லுக்குப் பயன்படுத்தலாம் என்று பிடித்துக்கொண்டார்.

1965இல் கோதன்பர்க்கில் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாகக் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானிய இம்ப்ளாண்ட்களை வைத்தார். லார்சன் பிறவியிலேயே அண்ணப் பிளவும் தாடைக் குறைபாடும் உள்ளவர், கீழ்த்தாடையில் பல் கிடையாது. அவர் 2006இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அந்த இம்ப்ளாண்ட்கள் வேலை செய்தன. நடுவில் பிரோனெமார்க்கை ஸ்வீடனின் பல் மருத்துவ உலகமே பல காலம் நம்பவில்லை. 1982இல் கனடாவின் டொரோண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் உலகம் அவர் பக்கம் திரும்பியது. இதைப் படித்தபோது லார்சனைத்தான் அதிகம் நினைத்துக்கொண்டேன். யாருமே செய்து பார்க்காத ஒன்றுக்கு வாயைக் கொடுத்த மனிதர் அவர். இன்றைக்கு நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த வைத்தியம் கிடைக்கிறது என்றால் அவருடைய துணிச்சலுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

நான் மேலே சொன்ன நடுவழிக்கு வருகிறேன். 2002இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் வல்லுநர்கள் கூடி ஓர் ஒருமித்த அறிக்கை வெளியிட்டார்கள். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்குச் சாதாரண செட்டை முதல் தேர்வாகச் சொல்வது இனிப் பொருந்தாது, இரண்டு இம்ப்ளாண்ட்களில் மாட்டும் செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்றது அந்த அறிக்கை. 2009இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் இன்னொரு குழுவும் இதையே வழிமொழிந்தது. சொல்லி இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. நம் ஊர்களில் இன்னும் இது வீட்டுப் பேச்சாக ஆகவில்லை என்பதுதான் என் குறை.

எப்படி இருக்கும் என்று கேட்டால், ரவிக்கைக்குத் தைக்கும் பிரஸ் பட்டனை நினைத்துக்கொள்ளுங்கள். தாடையில் இருக்கும் இம்ப்ளாண்ட்டின் தலையில் ஒரு சின்ன உலோகக் குமிழ், செட்டின் அடிப்பக்கத்தில் அதைக் கவ்வும் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் நைலான் வளையம். செட்டை வைத்து விரலால் அழுத்தினால் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். இரவில் கட்டைவிரலால் ஓரத்தைத் தூக்கினால் கழன்றுவிடும். குமிழுக்குப் பதிலாக இரண்டு இம்ப்ளாண்ட்டையும் இணைத்து ஒரு கம்பி போட்டு, அதில் செட்டைக் கிளிப் மாதிரி மாட்டுவதும் உண்டு.

கீழே முன்பக்கத்தில், கோரைப்பல் இருந்த இடத்தை ஒட்டி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கீழ்த்தாடைக்குள் ஓடிவரும் நரம்பு முன்கடைவாய்ப் பல் பக்கத்தில் ஒரு துளை வழியாக வெளியே வந்து உதட்டுக்குப் போய்விடும். இரண்டு பக்கத்துத் துளைகளுக்கும் இடைப்பட்ட முன்பகுதியில் அந்தப் பெரிய நரம்பின் தொல்லை இல்லை. எலும்பும் அங்கே கெட்டியாக இருக்கும். பின்பக்கம் முழுக்கக் கரைந்தவர்களுக்குக்கூட முன்னால் பெரும்பாலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அதற்காக எக்ஸ்ரே இல்லாமல் வைத்துவிட முடியாது. நாக்கின் அடிப்பக்கம் ரத்தக்குழாய்கள் உண்டு, எலும்பின் அகலமும் ஆளுக்கு ஆள் மாறும். ஓபிஜி எக்ஸ்ரேயில் உயரம் தெரியும். அகலம் தெரிய சிபிசிடி ஸ்கேன் வேண்டும்.

பெரியம்மாவுக்கு இந்த இரண்டு இம்ப்ளாண்ட்டையும் வைத்தது மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுத்தான். பக்கத்திலேயே உட்கார டாக்டர் என்னை அனுமதித்தார். ட்ரில்லை மெதுவான வேகத்தில் ஓட்டி, உப்புத் தண்ணீரை விடாமல் பாய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். எலும்பு ஒரு நிமிடம் 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தாலே பாதிக்கப்படும் என்பதால் இந்தக் கவனம். "வலியில்லத்தா, அந்த சத்தந்தான் மண்டைக்குள்ள கேக்குது" என்றார் பெரியம்மா. அன்றைக்கும் அடுத்த நாளும் தாடை வீங்கியிருந்தது. ஐஸ் ஒத்தடம், மாத்திரை, ஆறின கஞ்சி. செட்டைச் சில நாள் போடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு உள்பக்கம் மென்மையான பூச்சு வைத்துக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் காத்திருப்பு. கீழ்த்தாடையில் எலும்பு ஒட்டிக்கொள்ள மூன்று மாதம் விடுவது பழைய, நிதானமான முறை. சில பேருக்கு உடனேயே மாட்டிவிடுவதும் உண்டு. எலும்பின் தரம், இம்ப்ளாண்ட் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்தது என்பதை வைத்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை உள்ளவருக்கு அவசரப்படாத டாக்டர் கிடைத்ததில் எனக்கு நிம்மதி. மூன்று மாத ரத்தச் சர்க்கரை சராசரியைப் பார்த்து, முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் அவர் நாளே குறித்தார்.

செட் மாட்டியதும் எல்லாம் மாறிவிடும் என்று நினைத்திருந்தோம். பேச்சும் சிரிப்பும் அன்றைக்கே மாறின, கை வாய்க்குப் போவது நின்றது. சாப்பாடு மட்டும் மாறவில்லை. பெரியம்மா அதே குழைந்த சாதத்தைத்தான் பல வாரம் சாப்பிட்டார். மெல்லும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. இதை இம்ப்ளாண்ட் வைக்கப்போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பல் வந்துவிட்டதால் மட்டும் தட்டு மாறிவிடாது, வீட்டில் இருப்பவர்கள்தான் மாற்ற வேண்டும். பீன்ஸைப் பொடியாக நறுக்கி, கீரைத்தண்டை வேகவைத்து, கொண்டைக்கடலையைக் குழைய வேகவிட்டு என்று என் தங்கைதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினாள். இரண்டு கடைவாயிலும் சமமாக மெல்லும்படி டாக்டரும் சொல்லியிருந்தார்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. இரண்டு இம்ப்ளாண்ட்டும் செட்டைப் பிடித்துக்கொள்கின்றன, ஆனால் கடிக்கும் பாரத்தில் பெரும்பகுதியைப் பின்பக்கத்து ஈறுதான் இன்னமும் சுமக்கிறது. அங்கே எலும்பு மெல்லக் கரைவது தொடரும், சில வருடங்களுக்கு ஒருமுறை செட்டின் உள்பக்கத்தைத் தாடைக்கு ஏற்றபடி நிரப்பிச் சரிசெய்ய வேண்டும். இம்ப்ளாண்ட் இருக்கும் முன்பக்கத்தில் மட்டும் எலும்பு நன்றாகக் காப்பாற்றப்படும். செட்டுக்கு அடியில் பருக்கை போவதும் முழுக்க நிற்காது. கரும்பைக் கடிக்கலாம் என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நைலான் வளையம் தேயும் பொருள், ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், சில நிமிட வேலைதான். அதிகம் பயன்படும் ஒரு வகையில் நீலம் லேசான பிடி, இளஞ்சிவப்பு நடுத்தரம், நிறமில்லாதது இறுக்கம் என்று வளையங்கள் வரும். விரலில் பலம் குறைந்தவர்களுக்கு நீலத்திலேயே தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். கழற்றவே முடியாமல் இறுக்கமாகப் போட்டுவிட்டால் அதுவே பெரிய அவஸ்தை.

நாங்கள் போன கிளினிக்குகளில் ஒன்றில் நுழைந்த உடனேயே மேலும் கீழும் முழுக்க ஃபிக்ஸட் பல் என்று பேசினார்கள். நான்கு இம்ப்ளாண்ட்டில் ஒரு தாடை முழுவதும் நிரந்தரப் பல் வைக்கும் முறை அது. போர்ச்சுகலின் லிஸ்பனைச் சேர்ந்த பாலோ மாலோ என்ற மருத்துவர் பிரபலமாக்கியது. பின்னால் வைக்கும் இரண்டு இம்ப்ளாண்ட்களைச் சாய்த்து வைப்பதால், மேலே சைனஸ் அறையையும் கீழே நரம்பையும் தொடாமல், கூடுதல் எலும்பு வைத்து வளர்க்காமல் வேலையை முடிக்க முடிகிறது. நல்ல முறைதான். ஐம்பது வயதில் எல்லாப் பல்லும் போய், கையில் பணமும் உடம்பில் தெம்பும் இருப்பவர் தாராளமாக யோசிக்கலாம்.

எழுபத்தைந்து வயதுக்காரருக்கு என்று வரும்போது நான் வேறு மாதிரி யோசிப்பேன். நிரந்தரப் பல்லுக்கு அடியில் சேரும் அழுக்கைத் தினமும் சின்ன பிரஷ்ஷாலோ நீர்த்தாரைக் கருவியாலோ எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் இம்ப்ளாண்ட்டைச் சுற்றி ஈறு வீங்கி, எலும்பு அரித்து, கடைசியில் இம்ப்ளாண்ட்டே ஆடத் தொடங்கும். இன்றைக்குச் சுத்தம் செய்யும் கை பத்து வருடத்தில் நடுங்கலாம், பக்கவாதம் வரலாம், ஞாபகம் தப்பலாம். அப்போது படுக்கையில் இருப்பவரின் வாயைச் சுத்தம் செய்யப்போவது மருமகளோ மகனோ, வீட்டுக்கு வரும் பணிப்பெண்ணோதான். கழற்றி மாட்டும் செட் என்றால் வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, இரண்டு குமிழை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் துடைத்துவிடலாம். ஃபிக்ஸட் பல்லை அப்படிச் செய்ய முடியாது. கழற்றுவது கௌரவக் குறைச்சல் என்று பெரியவர்கள் நினைக்கலாம், அந்த நினைப்பை நாம் மதிக்கவும் வேண்டும். ஆனாலும் பின்னால் வரப்போகும் வருடங்களையும் அவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். விற்பனைப் பேச்சில் இந்தப் பகுதி வராது.

மேல்தாடைக்கும் இதேபோல இரண்டு வைத்தால் என்ன என்று கேட்கலாம். மேலே எலும்பு மென்மையானது, சைனஸும் இருக்கிறது, பொதுவாகக் குறைந்தது நான்கு தேவைப்படும். மேல்செட் அண்ணத்தில் நன்றாகக் கவ்வி நிற்கிறது என்றால் அதைத் தொடாமல் விடலாம். பணம் அளவாக இருக்கிறதென்றால் முதல் செலவு கீழ்த்தாடைக்குத்தான்.

சில விஷயங்களை டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் மாத்திரையோ, வருடத்துக்கு ஒருமுறை ஜோலெட்ரோனிக் ஆசிட் ஊசியோ போடுகிறவர்கள், புற்றுநோய்க்காக இதே வகை ஊசியைப் போட்டவர்கள், தாடைப் பகுதியில் கதிர்வீச்சு எடுத்தவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். இவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து உண்டு. 'முழங்கால் வலிக்குப் போட்ட ஊசிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்' என்று பெரியவர்கள் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள், மருந்துச் சீட்டு ஃபைலையே கொண்டுபோய் மேசையில் வையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது, இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். பீடி, சிகரெட் பழக்கம் இம்ப்ளாண்ட் தோற்கும் வாய்ப்பைக் கூட்டும். புகையிலை போட்டு வாயில் ஒதுக்குகிறவர்கள் முதலில் அதை விட வேண்டும். வயது மட்டும் ஒரு தடையே இல்லை.

இன்னொன்று, செட் நன்றாக அமையாமல் இம்ப்ளாண்ட் மட்டும் வைத்துப் பயனில்லை. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் உயரம் தப்பாக இருந்தால் இம்ப்ளாண்ட்டும் அதைக் காப்பாற்றாது. அதனால் செயற்கைப் பல்லுக்கென்றே மேற்படிப்பு படித்த புராஸ்தோடான்டிஸ்ட் ஒருவர் இந்த வேலையில் இருக்கிறாரா என்று கேளுங்கள். முதலில் நல்ல செட் செய்து, அதைப் போட்டுப் பழகி, அப்புறம் இம்ப்ளாண்ட் என்று சொல்பவரை நான் நம்புவேன். செலவு கம்பெனிக்குக் கம்பெனி, ஊருக்கு ஊர் மாறும், அதனால் இங்கே தொகை எழுதவில்லை. மொத்தத் தொகையில் ஸ்கேன், குமிழ், செட், பின்னால் மாற்றும் நைலான் எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் இதற்குக் கைகொடுக்காது. கையில் காசு குறைவு என்றால் பக்கத்தில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரியின் செயற்கைப் பல் துறையில் விசாரித்துவிட்டு வாருங்கள். மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் செய்வதால் செலவு குறையும், நடை மட்டும் கூடும்.

வேலை முடிந்ததும் இம்ப்ளாண்ட்டின் கம்பெனிப் பெயர், அளவு, தொகுதி எண் உள்ள ஸ்டிக்கரை ஒரு அட்டையில் ஒட்டிக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கம்பெனியின் குமிழும் வளையமும் வேறு வேறு. பத்து வருடம் கழித்து வேறு ஊரில், வேறு டாக்டரிடம் உதிரிப் பாகம் தேடும்போது அந்த அட்டை இல்லையென்றால் திண்டாட்டம்தான். பெரியம்மாவின் அட்டையை அவருடைய சர்க்கரை நோட்டின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவிட்டோம். கூடவே, 'கீழ்ப் பல்செட் கழற்றக்கூடியது, இரவில் கழற்றவும், ஆபரேஷனுக்கு முன் கழற்றவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். இறுகப் பிடித்திருக்கும் செட்டைப் பார்த்தால் சொந்தப் பல் என்றே நர்ஸ்கள் நினைத்துவிடக்கூடும். டைட்டானியம் இருப்பதால் எம்ஆர்ஐ எடுக்கத் தடை இல்லை. குமிழுக்குப் பதிலாகக் காந்தம் வைத்த வகை என்றால் மட்டும் ஸ்கேன் அறைக்குப் போகுமுன்பே சொல்லிவிட வேண்டும்.